முன்னால் தடம் மிதிப்பவன்

ஜனவரி ஆறாம் தேதி. சாயங்காலம் நாலு மணி. கீழே ஸ்டாஃபெல்மாட் ஊரின் கடைசி வீட்டைத் தாண்டி இந்த விடுதிக்கு ஏறிவரும் பாதை... நீங்கள் இன்று வந்த அதே பாதைதான். அதில் இரண்டே பேர். மத்தியானத்திலிருந்து விடாமல் பனி. காற்று இல்லை, சத்தம் இல்லை. பாதை ஓரத்தில் நட்டிருக்கும் இளஞ்சிவப்புக் கம்பங்களில் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பாட்டரி தீர்ந்துவிட்டது, இனி வெயில் வந்து கூரைத் தகட்டில் பட்டால்தான் விளக்கு. இந்த ஒரு மெழுகுவத்தி போதும். ரெட்டோ, அடுப்பில் ஒரு கட்டை போடு. நீதானே பலசாலி! கீழேயிருந்து இங்கே வரும்வரை நீயே முன்னால் நின்று தடம் மிதித்தாய், மற்ற நாலு பேரையும் முன்னால் விடவே இல்லை என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாய். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நல்ல வளர்ப்பு.

"நீ" என்று கூப்பிடுகிறேனே என்று பார்க்காதே. மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் "நீங்கள்" கிடையாது. மந்திரியே வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் "நீ"தான், பார்லி சூப்தான், அதே கம்பளிச் செருப்புதான்.

இது எனக்கு முன்னால் இந்த விடுதியை நடத்திய எர்வீனாவின் தம்பிக்கு நடந்தது. எர்வீனா என் சிநேகிதி. சிநேகிதி என்றுதான் சொல்ல வேண்டும், வேறு என்ன சொல்வது?

அந்த இரண்டு பேர் அவளும் அவள் தம்பி அமாண்டஸும். அன்றைக்கு மூன்று ராஜாக்கள் திருநாள். கீழே அம்மா வீட்டில் சாப்பாடு முடித்து, ராஜா ரொட்டி பிய்த்துத் தின்றிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் உண்டே, உள்ளே ஒரு சின்ன பொம்மை ராஜாவை ஒளித்துவைத்துச் சுடுவார்களே, யார் துண்டில் அது வருகிறதோ அவர் அன்றைக்கு முழுக்க ராஜா. தங்கத்தாள் கிரீடம் வைத்துக்கொள்ளலாம், ஒரு வேலையும் செய்ய வேண்டாம். அன்று பொம்மை அமாண்டஸின் பல்லில் அகப்பட்டது. கிரீடத்தைக் கம்பளித் தொப்பியின் மேல் மாட்டிக்கொண்டு அப்படியே மலையேறினான்.

அவனுக்கு அந்த பொம்மை தேவையே இல்லை. வருஷம் முழுக்க அவன் ராஜாதான்.

எங்கள் ஊர் முறை உங்களுக்குத் தெரியும், ரெட்டோவுக்கு நன்றாகவே தெரியும். புதுப்பனியில் முன்னால் போகிறவன்தான் சாகிறவன். கால் புதையாமலிருக்க அகலமான பனிச்சட்டம் கட்டியிருந்தாலும் முட்டிவரை புதையும். ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கி, அமுக்கி, மிதித்துப் பின்னால் வருகிறவர்களுக்குப் பாதை செய்ய வேண்டும். அவன் களைத்தால் பக்கத்தில் ஒதுங்கிக் கோலில் சாய்ந்து நிற்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு நன்றி சொல்லி அவனைத் தாண்டிப் போவார்கள். அவன் கடைசியில், வாலில் போய்ச் சேர்ந்துகொள்வான். அடுத்தவன் முன்னால். இப்படியே மாறி மாறி. வழியில் முன்பின் தெரியாத ஒருவன் தனியாக மிதித்துக்கொண்டு போகிறான், நீ அவனை எட்டிப் பிடித்துவிட்டாய் என்றால் என்ன செய்ய வேண்டும்? "விடு, இனி என் முறை" என்று சொல்லி முன்னால் போக வேண்டும். செய்யாதவனை எங்கள் பள்ளத்தாக்கில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

அமாண்டஸ் ஒரு நாளும் முன்னால் போனதில்லை. அவன் முறை வரும்போதுதான் பனிச்சட்டத்தின் வார் தளரும். அப்போதுதான் மூத்திரம் முட்டும். அப்போதுதான் எதிர்மலையில் ஒரு வரையாடு தெரியும், அதை எல்லாரும் நின்று பார்த்தே ஆக வேண்டும். ஊரில் அவன் பெயரே "வால்". ஆனால் அக்கார்டியனை எடுத்தால் செத்தவனும் எழுந்து ஆடுவான், அவன் பேச்சுக்குச் சிரிக்காத ஆள் கிடையாது. அதனால் எல்லாரும் பொறுத்துப் போனார்கள். பெண்கள் கொஞ்சம் கூடுதலாகவே.

அன்று ஏன் அந்தப் பனியில் கிளம்பினார்கள் என்று கேட்பீர்கள். விடுதி ரெண்டு நாளாகப் பூட்டிக் கிடந்தது. அடுப்பு மூட்டவில்லையென்றால் சமையலறைக் குழாய் உறைந்து வெடிக்கும். மறுநாள் ஆட்கள் வருகிறார்கள். "குழாய் போனா இந்தக் குளிர்காலமே போச்சு" என்று எர்வீனா குதித்தாள். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எர்வீனா யார் பேச்சைக் கேட்டிருக்கிறாள்?

ஆக, அவள் முன்னால். அவன் பின்னால்.

அவர்கள் அப்பாவின் பழைய பனிச்சட்டங்களைத்தான் அவன் கட்டியிருந்தான். மரத்தால் செய்தது. இடது காலினது ஒரு தடவை உடைந்து, அப்பா கம்பி சுற்றி வைத்திருந்தார். நடக்கும்போது பனியில் அந்தக் கம்பி உரசும். சர்ர்... டிங். சர்ர்... டிங். எர்வீனா முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மிதித்தாள்.

கோயில் வளைவுவரை சமாளித்தாள். நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள், புனித பார்பராவின் சின்னக் கோயில், பெட்டி மாதிரி இருக்கும். அதைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. கம்பங்களும் புதைந்து போயின. பனி தொடைவரை வந்தது. வெளிச்சம் சாம்பல் நிறமாகி, பிறகு நீலமாகி... எர்வீனாவுக்கு நெஞ்சு அடைத்தது. இன்னும் பத்தடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மூன்றடி வைப்பாள், நிற்பாள். கடைசியில் உட்கார்ந்துவிட்டாள்.

மலையில் பிறந்தவளுக்கு உட்காரக் கூடாது என்று தெரியாதா? தெரியும். ஆனால் உட்கார்ந்ததும் குளிரவே இல்லையாம். இதமாக இருந்ததாம். அம்மா வீட்டு மாடிப் படுக்கை ஞாபகம் வந்ததாம்.

"அக்கா, எழுந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரிடீ! ராஜா உத்தரவு."

அந்தக் கிரீடத்தோடு குனிந்து நின்று அவன் சொன்னானே, அதில்தான் அவளுக்கு எரிந்தது. வெளுத்து வாங்கிவிட்டாள்.

"நீ ராஜாடா. நீ பொறந்ததுலேர்ந்து ராஜா. உனக்கு மிதிச்சு மிதிச்சே நான் சாகணும். அப்பா மேல விடுதியில செத்து, பெட்டிய சறுக்கு வண்டியில வெச்சு இறக்குனோமே, ஊர்க்காரன் ஒருத்தன் விடாம முன்னால வந்து மாறி மாறி கயிறு புடிச்சான். பாதிரியார் புடிச்சாரு. பேங்க்காரன் புடிச்சான். நீ எங்கடா இருந்தே அன்னிக்கு? பெத்த அப்பனுக்குக்கூட நீ வால்தானேடா!"

அவன் வாரை இறுக்கவில்லை. வரையாடு காட்டவில்லை. அவளைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான்.

"சரி. நான் போறேன்."

முப்பத்து நாலு வயதில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவளைத் தாண்டி ஓரடி வைத்தான்... கால் புதையவில்லை.

அங்கே தடம் இருந்தது.

கோயில் பக்கமிருந்து வந்து, அவர்களுக்கு முன்னால் வளைந்து, மேலே போகிறது. அகலமான, ஆழமான, நன்றாக அமுக்கி மிதித்த தடம். மேலே அவ்வளவு பனி கொட்டுகிறது, அந்தத் தடத்துக்குள் ஒரு பொட்டு விழவில்லை. இப்போதுதான் யாரோ போயிருக்க வேண்டும். அதை நினைத்துப் பார்க்கும் நிலையிலா இருந்தார்கள்? ரெண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பாத்தியா? ராஜாவுக்கு ஆள் வெச்சுத் தடம் போட்டிருக்காங்க" என்றான்.

அவள்கூடச் சிரித்தாள். அப்போது சொன்ன சொல்லுக்காக ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

தடத்தில் நடை லேசாக இருந்தது. அவள் முன்னால், அவன் பின்னால், பழையபடி. சர்ர்... டிங். சர்ர்... டிங். கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. ஈரக் கம்பளி. அணைத்த மெழுகுவத்தி. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அது.

அப்புறம் மூடுபனிக்குள் ஒரு முதுகு தெரிந்தது.

தடித்த சாம்பல் மேலங்கி. முதுகில் பை இல்லை. கையில் ஒரே ஒரு நீளக் கோல், அந்தக் காலத்து மலைவழிகாட்டிகள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. தோளில் பனி ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது. மேல் மூச்சு வாங்க நடக்கிற உடம்பில் பனி எப்படித் தங்கும்? உருகாதா? எர்வீனா அதைப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். இவர்கள் ரெண்டு பேர் வாயிலிருந்தும் புகை புகையாக ஆவி போகிறது. அந்த ஆளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

காலடிச் சத்தமும் இல்லை.

அவள் நின்றுவிட்டாள். இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போகலாம் என்று தம்பியிடம் சொல்லத் திரும்பினாள். அவன் அவளைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

"டேய், இருடா."

"சொல்லிட்டேன்ல. நான் போறேன்னு சொல்லிட்டேன்ல."

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நேற்றுவரை இருந்த அமாண்டஸாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான். ஒரு வார் தளர்ந்திருக்கும், ஒரு வரையாடு தெரிந்திருக்கும். மனுஷன் திருந்துவதற்கென்று ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தானே!

அந்த ஆளின் பக்கத்தில் போய், எங்கள் முறைப்படி, மரியாதையாகச் சொன்னான்.

"ரொம்ப நேரமா மிதிக்கிறே போலிருக்கு. விடு. இனி என் முறை."

அந்த ஆள் நின்றான்.

இடது பக்கம் ஒதுங்கிக் கோலில் சாய்ந்து வழிவிட்டான். அமாண்டஸ் நன்றி சொல்லி முன்னால் போனான். இப்போது எர்வீனாவும் அவனைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்தப் பக்கம் பள்ளம், இந்தப் பக்கம் பனிச்சுவர். வேறு வழி கிடையாது. தலையைத் தூக்காமல் நடந்தாள். கோலைப் பிடித்திருந்த கை தெரிந்தது. விரல்கள் கறுத்திருந்தன. தாடி தெரிந்தது, முழுக்கப் பனிக்கட்டி. நன்றி சொல்லாமல் போகக் கூடாதே... அந்தப் பயத்திலும் நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"நன்றி."

"ஆண்டவர் உங்களுக்குக் கூலி குடுக்கட்டும்."

இந்தக் காலத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பூட்டன் காலத்துப் பேச்சு. குரல் கொடூரமாக இருந்ததா என்று நான் கேட்டேன். இல்லை என்றாள். பெரிய மூட்டையை இறக்கிவைத்தவன் குரல் மாதிரி இருந்ததாம். அழுகிற மாதிரிகூட இருந்ததாம்.

தடம் மிதித்தவன் வாலில் வந்து சேர வேண்டும், அதுதானே முறை? ரெண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. ஒதுங்கி நின்ற இடத்தில் பனி அலுங்காமல் கிடந்தது.

முன்னால் அமாண்டஸ் போய்க்கொண்டிருந்தான். அப்படி ஒரு நடை அவன் நடந்து அவள் பார்த்ததே இல்லை. தொடை ஆழப் பனியைத் தண்ணீரை விலக்குவதுபோல விலக்கிக்கொண்டு போகிறான். "மெதுவா போடா!" என்று கத்தினாள். திரும்பவில்லை. ஓடி ஓடிக் கிட்டே போனாள்.

"போதும்டா தம்பி. விடு. இனி என்..."

முடிக்கவில்லை. அவன் கத்தினான்.

"சொல்லாதே அக்கா! பின்னாலேயே வா. என்ன ஆனாலும் முன்னால வராதே."

அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு. அவன் திரும்பாமலே சொன்னான். சொன்னபோது அவன் தலையைச் சுற்றி ஆவி எழவில்லை.

அவள் பின்னாலேயே வந்தாள். அழுதுகொண்டே வந்தாள். சர்ர்... டிங். மூடுபனியில் அவன் முதுகு மறைந்தபிறகும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தடம் நேராக இந்த வாசலுக்கு, இதோ இந்தக் கதவுக்குக் கொண்டுவந்து விட்டது. அவன் இல்லாவிட்டால் அன்றே அவள் செத்திருப்பாள், அதில் சந்தேகமே இல்லை. கதவுக் கைப்பிடியில் தங்கத்தாள் கிரீடம் தொங்கிக்கொண்டிருந்தது. தடம் வாசலில் நிற்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு மேலே கணவாய்க்குப் போனது.

மீட்புக்குழு வந்தது. நாய்கள் வந்தன. கணவாயில் காற்று பனியைத் துடைத்துவிட்ட ஒரு வெறும்பாறை உண்டு, அதுவரை தடம் போயிருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஆள் கிடைக்கவேயில்லை.

ஏன் ரெட்டோ, சிரிப்பு நின்றுவிட்டது? ஆப்ரிகாட் சாராயம் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள். கதை முடியவில்லை.

அடுத்த குளிர்காலம். ராத்திரி முழுக்கப் பனி கொட்டிய ஒரு நாள், விடிந்து கதவைத் திறக்கிறாள். ஊரிலிருந்து விடுதிவரை, விடுதியிலிருந்து கணவாய்வரை தடம் தயார். இடது காலடி ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிசாக ஒரு கோடு. கம்பி உரசிய கோடு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கிழவனும் யாருடைய முறையையோ வாங்கியவன்தான். யாராவது வந்து "இனி என் முறை" என்று சொல்லும்வரை ஒதுங்க முடியாமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறான். இப்போது தம்பி நடக்கிறான்.

அதற்குப் பிறகு பெரும்பனி பெய்த ஒவ்வொரு விடியலிலும் அவள் அந்தத் தடத்தில் ஓடினாள். பல தடவை முதுகைப் பார்த்திருக்கிறாள். "விடுடா, என் முறை!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். அவன் வேகமாகப் போய்விடுவான். காதில் விழாத தூரத்துக்குப் போய்விடுவான். வாழ்நாளில் ஒரு தடவைகூட முன்னால் போகாதவன், அக்காவுக்கு மட்டும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டான். பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படி. அவள் பாதியாக இளைத்துப் போனாள்.

வந்தவர்களுக்கு என்ன தெரியும்? எவ்வளவு பனி பெய்தாலும் இந்த விடுதிக்குக் காலையில் தடம் தயாராக இருக்கும் என்று பெயரே ஆகிவிட்டது. நடத்துகிறவள் பொறுப்பானவள் என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அவனை எட்டிப் பிடித்து முறை கேட்டதில்லை. விருந்தாளிகள் ஒன்பது மணிக்குக் கண்விழிப்பார்கள். அப்படியே முன்னால் ஒரு முதுகு தெரிந்தாலும், மிதித்த தடம் காலடியில் கிடக்கும்போது யாருக்கு முன்னால் போகத் தோன்றுகிறது? எல்லாரும் வால்தான். வாலாக இருந்து பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அப்புறம் ஒரு குளிர்காலம் ஒரு பையன் வந்தான். டாமியான் என்று பெயர். கீழே நகரத்தில் தச்சு வேலை. தனியாக வந்தான், கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும் என்றான். வந்த அன்றே யாரும் கேட்காமல் விறகுக் கொட்டகையிலிருந்து கட்டைகளை அள்ளிவந்து இந்த அடுப்போரம் அடுக்கினான். சூப் குடித்த தட்டைத் தானே கழுவினான். ராத்திரி பனி கொட்டியது. காலையில் முதல் ஆளாக எழுந்து வாசலில் நின்று பனிச்சட்டம் கட்டினான். எர்வீனா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அட, தடம் போட்டிருக்கே!" என்றான்.

"முன்னால ஒருத்தர் போறாரு" என்றாள் எர்வீனா. "ரொம்ப நேரமா அவரே மிதிக்கிறாரு. தனியா. பாவம்."

"அப்படியா? நான் வேகமாப் போய்ப் புடிச்சிடறேன். கொஞ்ச தூரம் நான் மிதிக்கிறேன்."

"நல்ல புள்ள" என்றாள்.

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பியின் முறையை வாங்கினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. வாசலில் நின்று அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு மறைந்து கொஞ்ச நேரம் கழித்து, மேலேயிருந்து வந்துகொண்டிருந்த "டிங்" நின்றது.

அடுத்த பெரும்பனிக்கு விடியலில் தடம் இருந்தது. இடது காலடியில் கோடு இல்லை. எர்வீனா இந்தத் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாளாம். தம்பி ஓய்ந்துவிட்டான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று எதிரே உட்கார்ந்திருக்கும் வெரேனா பார்வையாலேயே கேட்கிறாள். எர்வீனாதான் சொன்னாள். இதே மேஜையில் வைத்து, டாமியானைத் தேடி ஏறிவந்த ஒருத்தியிடம். ஒன்றையும் மறைக்கவில்லை. கிரீடத்தை எடுத்துக் காட்டினாள். சாராயம் ஊற்றிக் கொடுத்தாள். வந்தவள், கடைசியாக அவன் வேறு ஏதாவது கேட்டானா என்று மட்டும் கேட்டாள். புட்டியில் தேநீர் நிரப்பித் தரச் சொன்னான், சர்க்கரை போடாமல் கேட்டான் என்றாள் எர்வீனா.

ஆமாம். சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான். சர்க்கரை போட்டால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொட்டியில் கொட்டுவான்.

என் பையன்தான்.

எர்வீனாவை அடிக்கக் கை ஓங்கினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால்...? அந்த வசந்தத்தில் அவள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். இப்போது உடம்பு தேறி நன்றாக இருக்கிறாள், தூங்குகிறாள். இந்த விடுதியை அன்றிலிருந்து நான் நடத்துகிறேன். பெரும்பனி பெய்த விடியலில் நானும் ஓடிப் பார்த்துவிட்டேன். அவன் வலது கோலைப் பனியில் இழுத்துக்கொண்டே நடப்பான், பள்ளிக்கூடம் போகும்போது குடையை இழுப்பானே, அந்த மாதிரி. தடத்தின் ஓரத்தில் அந்தக் கோடு இருக்கும். முதுகு தெரியும். "கண்ணா, விடுப்பா, அம்மா மிதிக்கிறேன்" என்பேன். வேகமாகப் போய்விடுவான். அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பானா?

தப்பு என் வளர்ப்பில்தான் என்று ராத்திரிகளில் தோன்றும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வேலைக்கு முதல் ஆளாகக் கை கொடு, யார் பாரத்தையும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். மற்ற பிள்ளைகளெல்லாம் வாலில் நடந்து அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று. எர்வீனா மாதிரி நான் இல்லை. அவள் என் பிள்ளையிடம் சொல்லாமல் அனுப்பினாள். நான் வருகிறவர்கள் எல்லாரிடமும் சூப் ஆறுவதற்குள் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இதோ உங்களிடமும் சொல்லிவிட்டேன். நம்புகிறவர்கள் நம்பலாம். பேய்க்கதை என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் போகலாம். அதற்கப்புறம் யார் என்ன செய்கிறார்கள் என்பது அவரவர் பாடு. நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

மெழுகுவத்தி முடியப் போகிறது. வெளியே கேளுங்கள்... கூரையில் பனி விழும் சத்தம் நின்றுவிட்டது. விடிந்ததும் தடம் தயாராக இருக்கும்.

எல்லாரும் போய்ப் படுங்கள். மேலே இன்னும் ரெண்டு கம்பளி இருக்கிறது. ரெட்டோ, நீ மட்டும் ஒரு நிமிஷம் நில். காலையில் நீதான் முதலில் கிளம்புவாய் என்று சொன்னாயே... சிரித்துக்கொண்டு சொன்னாலும் சொன்னாய். அவனுக்கு இருபத்து மூன்று வயதுதான், ரொம்பக் களைத்திருப்பான்.

உன் புட்டியைக் கொடு, இப்போதே கழுவி வைக்கிறேன். தேநீரில் சர்க்கரை போடட்டுமா, வேண்டாமா?